நிழற்படம்

'செலவு' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் பயணம் என்பது பொருள். இக்காலத்தில் பணம் கரைதல் என்பது பொருள். எங்கள் வீட்டில் இவ்விரண்டு பொருளும் ஒருங்கே வழங்கிவருகின்றன. விடுமுறை நாளொன்றில் குடும்பத்தோடு காலையிற் புறப்பட்டு, ஓர் அருவியையோ அணையையோ கடற்கரையையோ கண்டு, கட்டுச்சோறு உண்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு திரும்பும் ஒருநாட் செலவை ஆண்டிற்கு மூன்று நான்கு முறையேனும் மேற்கொள்வது எங்கள் குடும்ப வழக்கம். அன்றிரவு என் தந்தையார் மேசையருகே அமர்ந்து, மற்றொரு செலவையும் எழுதிக் கூட்டிப் பார்ப்பார். கூட்டி முடித்ததும், "இனி ஆறு மாதத்துக்கு ஓரிடமும் கிடையாது" என்பார். ஆனால் இரண்டு மாதம் கழிவதற்குள், "மணப்பாட்டில் இப்போது காற்று நன்றாயிருக்குமே" என்று தொடங்குபவரும் அவரே.

இத்தகைய செலவுகளில் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன். எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் நலம். இம்மலரின் ஆசிரியர் குழுவினர் சில வாரங்களுக்கு முன் என்னை அழைத்து, கூந்தன்குளத்தில் யான் எடுத்த பறவைப் படமொன்றை மலரின் முகப்பில் வெளியிட விரும்புவதாகக் கூறினர். வகுப்புத் தோழர் ஒருவரின் கைபேசியில் அவர்கள் அதனைக் கண்டிருந்தனர். படம் நன்றாக வந்திருந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. எனினும் தர இயலாது என்றேன். காரணம் வினவியபோது விடைகூற நா எழவில்லை. "படம் இல்லையேல் ஒரு கட்டுரையேனும் தருக" என்றனர். அன்று சொல்லாத விடையே இக்கட்டுரை.

எங்கள் குடும்பச் செலவுகளுக்கு வித்திட்டவர் என் பாட்டனார். அவர் ஒரு தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியராயிருந்தவர். யான் ஐந்து வயதுச் சிறுவனாயிருந்தபோது காலமானார். அவர் விட்டுச் சென்ற பொருள்களுள் 'ஆக்ஃபா கிளிக் 3' என்னும் காமிராவும் ஒன்று. முன்னாளில் நம் நாட்டு வீடுகள் பலவற்றில் இக்கருவியைக் காணலாம். 120 என்னும் எண்ணுடைய படச்சுருளை அதனுள் இட்டால் 12 சதுரப் படங்கள் எடுக்கலாம். ஒரு படத்தை எடுத்தபின், கருவியின் முதுகிலுள்ள சிறு செந்நிறச் சாளரத்தில் அடுத்த எண் தோன்றும்வரை திருகைச் சுற்றவேண்டும். பன்னிரண்டு முடிந்தால் முடிந்ததுதான். சுருளைக் கழற்றி, கடையிற் கொடுத்துக் கழுவி, அச்சிட்டு வாங்கும்வரை, எடுத்த படம் விழுந்ததோ விழவில்லையோ என்பதை யாரும் அறியார்.

ஆதலின் பாட்டனார் ஒவ்வொரு படத்தையும் அரிசிக்காரி அரிசி அளப்பதுபோல அளந்தே எடுத்தார். ஒரு செலவிற்கு ஒரு சுருள்; அதற்குமேல் இல்லை. எடுத்த படங்களைக் கறுப்புத்தாள் ஏட்டில் ஒட்டி, ஒவ்வொன்றின் விவரத்தையும் தனிக் குறிப்பேடு ஒன்றில் வரைந்துவைத்தார். அவ்வேட்டைப் புரட்டினால் குற்றாலத்தில் தலை துவட்டும் உறவினரையும், தூத்துக்குடித் துறைமுகத்தில் தொப்பி பறந்துபோக அதைத் துரத்தும் பெரியப்பாவையும் காணலாம். 1973-ஆம் ஆண்டு மணிமுத்தாற்று அணையருகே எடுத்த படமொன்றில், என் ஆச்சி இளம்பெண்ணாய்க் கல்லொன்றின்மேல் அமர்ந்து, மடியிலிருக்கும் மூன்று வயதுப் பிள்ளையின் தலைமேல் முந்தானையை இரு கைகளாலும் விரித்துப் பிடித்திருக்கின்றார். அப்பிள்ளையே என் தந்தையார். குறிப்பேட்டில் அதற்கு நேரே, "ஒரே படம் எடுத்தேன். வெயில்" என்று மட்டும் எழுதப்பட்டுள்ளது.

பாட்டனார்க்கு விலங்குகளையும் பறவைகளையும் படமெடுக்கும் ஆசையும் பெரிதாயிருந்தது. ஆனால் அச்சிறு கருவிக்கோ தொலைவிலுள்ளதை அருகிற் காட்டும் ஆற்றல் இல்லை. எனவே, அவர் எடுத்த யானை எறும்பளவும், மான் கடுகளவும் இருக்கும். முண்டந்துறைக் காட்டில் 1978-ஆம் ஆண்டு எடுத்த படமொன்றில் பெரிய மரமொன்றும் அதன் பின்னே மலையும் தெரிகின்றன; வேறொன்றும் தெரியவில்லை. சிறுவயதில் யானும் என் தங்கையும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அம்மரத்தைக் கிளை கிளையாகத் தேடியிருக்கின்றோம். குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தால், "மரத்தின்மேல் கருமந்தி. படத்தில் தெரியாது, ஆனால் இருந்தது" என்று காணப்படும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். பல நாட்கள் எங்கள் வீட்டில் அது ஒரு பழமொழியாகவே வழங்கிற்று. பானையிற் கறி குறைந்தால், "தெரியாது, ஆனால் இருந்தது" என்பாள் தங்கை.

யான் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில் தந்தையார் எனக்கு டிஜிட்டல் காமிரா ஒன்றை வாங்கித் தந்தார். பிறர் ஆண்டு பழகியதேயாயினும், 300 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடியோடு கூடியது. பாட்டனாரின் எறும்பு யானை இனி மெய்யான யானையாகும் என்று மகிழ்ந்தேன். படச்சுருள் இல்லை, கழுவும் கூலி இல்லை, விரலை அழுத்திக்கொண்டே இருந்தால் நொடிக்கு ஐந்து படம் விழும். முதற்செலவாகப் பாபநாசத்திற்குச் சென்றபோது 600 படங்களுக்கு மேல் எடுத்தேன். அவற்றுட் பாதி குரங்குகள். குரங்கு முகம் காட்டவேண்டும் என்பதற்காக வாழைப்பழம் நீட்டினேன். முதற்பழத்திற்கு ஒரு குரங்கு வந்தது. மூன்றாம் பழத்திற்கு இருபது வந்தன. நான்காவதாகப் பழம் கேளாமலே தங்கையின் தோளிலிருந்த பையைப் பறித்துக்கொண்டு மரமேறின. அம்மா விடியலில் எழுந்து சமைத்த எலுமிச்சைச் சோறு அன்று கிளைதோறும் பந்தி வைக்கப்பட்டது. அதனையும் யான் படமெடுத்துக்கொண்டிருந்தேன். தங்கை அழுததை எடுத்த படமும் உண்டு. அன்றே யான் ஒன்றைக் கற்றிருக்கவேண்டும், கற்கவில்லை.

கூந்தன்குளம் நாங்குநேரி வட்டத்திலுள்ள ஒரு சிற்றூர். பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகச் சென்றால் 40 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவு. அங்குள்ள நீர்நிலைகளை 1994-ஆம் ஆண்டு அரசினர் பறவைகள் சரணாலயமாக அறிவித்தனர். பரப்பு ஏறத்தாழ 129 ஹெக்டேர். பின்னர், உலகச் சிறப்புடைய ஈரநிலங்களை வரிசைப்படுத்தும் ராம்சர் பட்டியலிலும் அக்குளம் இடம்பெற்றது. ஆனால் அரசினர் அறிவிப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்வூரார் அப்பறவைகளைத் தம் ஊர்ப்பிள்ளைகளாகப் பேணிவந்தனர். தீபாவளியன்றும் அவ்வூரில் வெடியோசை எழுவதில்லை. வீட்டுக் கொல்லையிலுள்ள மரங்களிலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுந்து முற்றம் வெளுத்தாலும் எவரும் கல்லெடுப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்ப்பாரும் உளர். பறவைகள் வரும் ஆண்டு நல்ல ஆண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. எச்சம் கரைந்த குளத்து வண்டலே வயலுக்கு எருவாவதனால், அந்நம்பிக்கைக்கு நெல்மணியே சான்றாகும்.

சென்ற ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐவரும் அங்குச் சென்றோம். தந்தையார் வாடகைக் கார் பேசியிருந்தார். அம்மா புளியோதரையும் துவையலும் கட்டிவந்தார். ஆச்சி தம் கறுப்புக் குடையோடும், முறுக்கு நிறைந்த தகர டப்பாவோடும் முன்னிருக்கையில் அமர்ந்துகொண்டார். குளத்தை அடைந்தபோது மணி ஏழரை.

அக்காட்சியை எவ்வாறு எழுதுவது! நீர்நடுவே நின்ற கருவேலமரங்கள் பூத்தவைபோல வெண்மையாயிருந்தன. உற்று நோக்கினால், பூவெல்லாம் பறவை. மஞ்சள் மூக்கு நாரைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. நீண்ட மஞ்சள் அலகும், மயிரற்ற செம்மஞ்சள் முகமும், வெள்ளுடலில் கருவரிகளும், வாலருகே தோய்த்தெடுத்தாற்போன்ற இளஞ்சிவப்பும் உடையவை அவை. பெரிய பைபோலத் தாடை தொங்கும் கூழைக்கடாக்கள் ஒருபுறம். கரண்டிபோல் அலகு விரிந்த கரண்டிவாயன்கள் ஒருபுறம். கரையோரப் பசும்புல்லில் வரித்தலை வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. தலையில் இரண்டு கருங்கோடுகளையுடைய இவ்வாத்துகள் திபெத்து, மங்கோலியா முதலிய நாடுகளில் இனம் பெருக்கி, குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து தெற்கே வருவன. இமயம் கடந்துவந்த அப்பறவையும், மூலைக்கரைப்பட்டி கடந்துவந்த நாங்களும் ஒரே கரையில் நின்றோம். 'குருகு' என்பதற்கு 'ஒருவகைப் பறவை' என்று உரையெழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கிய தமிழ் மாணவனாகிய யான், அன்றுதான் என் பாட்டுகளில் வாழும் பறவைகளை உயிரோடு கண்டேன்.

ஆனால் கண்டேன் என்பதும் முழுவதும் மெய்யன்று. கருவியைக் கண்ணிலிருந்து எடுத்தால்தானே காண்பது! ஆச்சி, "அது என்ன பறவை?" என்று கேட்டதற்கு, "படம் எடுத்துக்கிட்டேன், வீட்டுல காட்டுதேன்" என்றேன். தங்கை வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளை விலகச் சொன்னேன். பதினொரு மணிக்குள் 300-க்கு மேற்பட்ட படங்கள் எடுத்தாயிற்று. எனினும் நிறைவில்லை. எல்லாம் தொலைவிலிருந்து எடுத்தவை. எவரும் எடுக்கக் கூடியவை.

அப்பொழுதுதான் குளத்தின் ஒரு கோடியில், கரைக்குச் சற்று உள்ளே, தாழ்ந்த கருவேலமொன்றின்மேல் அந்த நாரையைக் கண்டேன். கூட்டின்மேல் நின்று, இரு சிறகையும் பாதி விரித்துத் தாழ்த்தி, அசையாமல் நின்றது. வெயில் அதன் சிறகினூடே பாய்ந்து இறகொவ்வொன்றும் ஒளிர்ந்தது. எனக்காகவே அவ்வாறு நிற்பதாக எண்ணினேன் என்று சொன்னால் நகைப்பீர்கள். ஆனால் அவ்வாறுதான் எண்ணினேன். அம்மா உண்ண அழைத்தார். "ஐந்து நிமிடம்" என்று சொல்லி, ஒருவரும் காணாதவாறு கரையை விட்டிறங்கினேன். இறங்கலாகாது என்னும் அறிவிப்புப் பலகையைப் படித்திருந்தேன் என்பதையும் மறைக்கமாட்டேன். நாணலை விலக்கிக்கொண்டு முழங்காலளவு நீரில் நடந்தேன். நெருங்க நெருங்க அதன் கழுத்து நீண்டது. தலை என்பக்கம் திரும்பிற்று. விரலை அழுத்தினேன். பறவை எழுந்தது. அதனோடு பக்கத்து மரங்களிலிருந்த நான்கைந்தும் எழுந்தன. பறப்பனவற்றையும் விடாது எடுத்தேன். பின்பு அங்கேயே நீரில் நின்றவாறு, கருவியின் சிறு திரையில் முதற்படத்தைக் கண்டு களிகூர்ந்தேன்.

கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. தலைப்பாகை கட்டிய முதியவர் ஒருவர், அவ்வூரார், நின்றுகொண்டிருந்தார். சினந்து பேசவில்லை. "தம்பி, கரையேறும்" என்றார். ஏறினேன். "அது உமக்குப் படம் காட்டிக்கிட்டு நிக்கல தம்பி. பிள்ளைகளுக்கு நெழல் பிடிச்சிக்கிட்டு நிக்கி. இந்த வெயிலைக் குஞ்சு தாங்காது" என்றார். அவ்வளவே. என் பெயரோ ஊரோ கேளாமல் நடந்துவிட்டார். சற்று நேரத்திற்கெல்லாம் நாரை வட்டமிட்டு வந்து கூட்டில் இறங்கிற்று. யான் கரையிலிருந்து மேலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒரு தீங்கும் நேரவில்லை என்று மனந்தேறி, புளியோதரை உண்ணச் சென்றேன்.

அன்றிரவு கணினியில் படங்களை ஒவ்வொன்றாக எல்லோருக்கும் காட்டினேன். நாரையின் படம் வந்தவுடன் தங்கை கைகொட்டினாள். விரிந்த சிறகு, அதனூடே ஒளி, கீழே நிழலில் மூன்று சிறு தலைகள். அடுத்த படத்தில் கழுத்து நீண்டது. அதற்கடுத்ததில் கால்கள் கூட்டை விட்டன. பின்னர் வெறுங்கூடு, வானத்தில் பறவைகள். பறக்கும் பறவைகளைக் காட்டிக்கொண்டே சென்றபோது, தங்கை, "நில், பின்னாடி போ" என்றாள். படத்தின் ஓரத்தில் கருவேலமரம் தெரிந்தது. கூட்டின் விளிம்பில் ஒரு காகம். பெருக்கிப் பார்த்தோம். அடுத்ததில் இரண்டு காகங்கள். அதற்கும் அடுத்ததில் ஒன்றே இருந்தது; மற்றொன்று அலகில் எதையோ கவ்வி மேலெழுந்துகொண்டிருந்தது. ஒருவரும் பேசவில்லை. யான் கரையிலிருந்து கடைசியாக எடுத்த படத்தைத் தங்கையே தேடித் திறந்தாள். தாய் மீண்டும் சிறகு விரித்து நின்றது. நிழலில் இரண்டு தலைகள். அவள் இருமுறை எண்ணினாள். இரண்டே.

ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதற்படத்தை மீண்டும் காட்டச் சொன்னார். "செட்டைய ஏன்யா இப்படி விரிச்சிருக்கு?" என்று கேட்டார். முதியவர் சொன்னதைச் சொன்னேன். சிறிதுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நீ எடுத்தது நெழலையாக்கும்" என்றார். கடிந்து சொல்லவில்லை, புரிந்துகொண்டதைச் சொன்னார். போட்டோவுக்குத் தமிழில் நிழற்படம் என்று பெயர் என்பதை அறியாதவர் அவர். அறிந்த எனக்கோ அச்சொல் அன்றுதான் சுட்டது. படம் எடுக்கப் போனவன் ஒரு குஞ்சின் நிழலை எடுத்துவிட்டேன்.

செட்டைகளின் நிழலைப் பற்றிச் சிறுவயது முதல் ஞாயிறுதோறும் பாடிவந்தவன் யான். அது கவிதைக்குரிய அழகிய சொல் என்றே எண்ணியிருந்தேன். உச்சிவெயிலில் மணிக்கணக்காகச் சிறகு வலிக்க நிற்பதே அந்நிழல் என்பதை, அதனை நீக்கியபின் உணர்ந்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. பாட்டனாரின் படவேட்டை எடுத்து மணிமுத்தாற்றுப் படத்தை நெடுநேரம் பார்த்திருந்தேன். முந்தானையை விரித்துப் பிடித்த அவ்விளம் பெண்ணின் கைகளைப் பார்த்தேன். "ஒரே படம் எடுத்தேன். வெயில்." இதனைப் படச்சுருளின் சிக்கனம் என்று எண்ணியிருந்தோமே! அவரிடம் பன்னிரண்டு இருந்தன. அவர் விரும்பியிருந்தால் நான்கைந்து எடுத்திருக்கலாம். பிள்ளைக்கு வெயில் என்பதனால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

பின்னொரு நாள் இதனை என் பேராசிரியரிடம் கூறினேன். அவர் அறிவுரை எதுவும் கூறாமல், 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மா. கிருஷ்ணன் எழுதிய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்தளித்த நூல் அது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வராகிய கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு நம் திருநெல்வேலியிற் பிறந்தவர். 1950 முதல் 1996-இல் காலமாகும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதிவந்தவர். அவர் எடுத்த காட்டு விலங்குப் படங்கள் கறுப்பு வெள்ளையே. வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே கூட்டி அமைத்த காமிராவாலும் படமெடுத்தார். இந்நாளில் என் கையிலுள்ள கருவிக்கு இருக்கும் வசதிகளுட் பெரும்பாலானவை அவர் கருவிக்கு இல்லை. ஆனால் அவர் கட்டுரைகளைப் படித்தபோது ஒன்று விளங்கிற்று. நாம் ஏறிட்டும் பாராத காக்கை, அணில், ஓணான் முதலியவற்றை அவர் நாட்கணக்காக நின்று பார்த்திருக்கின்றார். பார்த்தல் முதலில், படம் அதன் பின்னர். யான் அதனைத் தலைகீழாக்கியிருந்தேன்.

நண்பர் ஒருவர் என்னோடு வழக்காடினார். "காகமும் உண்ணத்தானே வேண்டும்? நீ போகாவிடினும் ஒரு குஞ்சு இறந்திருக்கலாம். உன் படத்தைக் கண்டு நூறு பேர் பறவைகளை விரும்புவார்களே; அது நன்மையன்றோ?" என்றார். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. கூட்டிலுள்ள குஞ்சுகளெல்லாம் பறக்கும் பருவத்தை அடைவதில்லை, அது இயற்கை. ஆனால் காகத்திற்கு வாயில் திறந்துவிட்டவன் யானல்லனோ? இயற்கையின் மேல் பழிபோட்டு யான் தப்புதல் முறையன்று. மேலும், விரிந்த சிறகின் படம் மலரின் முகப்பில் வந்தால், அதனைக் காண்பவர் நூற்றுவருள் தொண்ணூற்றொன்பதின்மர் பறவையை விரும்பலாம். ஒருவர் அதே படத்தைத் தாமும் எடுக்க விரும்புவார். கரையில் நின்றால் அது கிடைக்காது என்பதைச் சற்று நேரத்தில் கண்டுகொள்வார். யான் கண்டுகொண்டதைப் போலவே. பின்பு அவரும் நீரில் இறங்குவார். படம் எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதைப் படம் சொல்வதில்லை. ஆதலின்தான் மறுத்தேன்.

மார்ச்சுத் திங்களில் தந்தையாரும் யானும் பேருந்தேறி மீண்டும் கூந்தன்குளம் சென்றோம். கருவியைக் கொண்டுசென்றேன், ஆனால் பன்னிரண்டு படங்களுக்குமேல் எடுப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சுருள் மாட்டிக்கொண்டேன். பன்னிரண்டே என்றவுடன் கண் திறந்துகொண்டது. நாரை மீன் பிடிப்பதை அன்றுதான் கண்டேன். அலகைப் பாதி திறந்து நீரில் அமிழ்த்தி, இப்பக்கமும் அப்பக்கமும் அசைத்துக்கொண்டே நடக்கின்றது. காலால் சேற்றைக் கலக்குகின்றது. அலகிற்குள் மீன் பட்டதும் கத்தரிபோல மூடிக்கொள்கின்றது. கண்ணால் தேடிப் பிடிப்பதன்று, தொட்டறிந்து பிடிப்பது. கூட்டிற்கு வந்து இரையைக் கூட்டின் தளத்திலே கக்க, குஞ்சுகள் பொறுக்கி உண்கின்றன. முதிர்ந்த நாரைக்குக் குரலென்று சொல்லத்தக்கது இல்லை. இணையைக் கண்டால் அலகைத் தட்டி ஒலியெழுப்புகின்றது. முந்நூறு படம் எடுத்த நாளில் இவற்றுள் ஒன்றையும் யான் கண்டதில்லை. தந்தையார் கணக்கு நோட்டை மறந்து, மூன்று மணி நேரம் ஒன்றும் பேசாமல் என்னருகே அமர்ந்திருந்தார். தாழ்ந்த கருவேலமரத்தில் இரண்டு குஞ்சுகளும் இருந்தன. ஓரளவு வளர்ந்து, கூட்டின் விளிம்பில் நின்று இறகடித்துப் பழகின.

மாணவ நண்பர்களே, நம்மில் இன்று கருவியில்லாதார் எவருமிலர், கைபேசியே காமிராவாயிற்று. விடுமுறையிற் குடும்பத்தோடு செல்வோர் சிலவற்றை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். கூட்டையும் முட்டையையும் குஞ்சையும் நெருங்காதீர்கள். பறவை கழுத்தை நீட்டி நம்மை நோக்கிற்றென்றால், நாம் நெருங்கவேண்டிய எல்லையைக் கடந்துவிட்டோம் என்பது பொருள், அப்படியே பின்வாங்குங்கள். குரங்கிற்குத் தின்பண்டம் நீட்டாதீர்கள். அது அதற்கும் கேடு, உங்கள் கட்டுச்சோற்றிற்கும் கேடு. பறவையை வரவழைப்பதற்காக அதன் குரலைக் கைபேசியில் ஒலிக்கச் செய்யாதீர்கள். தன் எல்லையிற் பகை புகுந்ததென்று அது இரையை விட்டு அலையும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 முதல் இருக்கின்றது. சரணாலயத்திற்குள் பறவைகளைத் துன்புறுத்துதல் அதன்படி குற்றம். ஆனால் கூந்தன்குளத்தார் சட்டத்தைப் படித்துவிட்டு வெடியை விடுத்தவர்களல்லர். இவை அனைத்தினும் மேலாக, உடன் வந்தவர் ஒன்று கேட்டால் கருவியை இறக்கிவிட்டு விடை கூறுங்கள். "வீட்டில் காட்டுகிறேன்" என்பது விடையன்று.

அந்தப் படத்தை அழித்துவிட்டேனோ என்று சிலர் கேட்கின்றனர். அழிக்கவில்லை. அழித்தால் மறந்துவிடுவேன் என்று அஞ்சினேன். பாட்டனாரின் குறிப்பேட்டில் எஞ்சியிருந்த தாள்களில் என் படங்களுக்கும் குறிப்பெழுதத் தொடங்கியுள்ளேன். முதற்குறிப்பு அதற்கே: "கூந்தன்குளம். நாரைக்கூடு. மூன்று குஞ்சுகள். படத்தில் தெரியும், ஆனால் இல்லை."

தங்கை அதைப் படித்தாள், சிரிக்கவில்லை. ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சற்றுப் பொறுத்து, "அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போ. அந்த ரெண்டும் பறந்துட்டான்னு நான் பாக்கணும்" என்றார். பறவைகள் மீண்டும் கூடு கட்டும் பருவத்தில் அவரையும் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கின்றேன். பன்னிரண்டில் ஒன்று கறுப்புக் குடையோடு நிற்கும் அவருக்கென்று இப்போதே ஒதுக்கிவைத்துள்ளேன். தந்தையார் இனி ஆறு மாதத்திற்கு ஓரிடமும் கிடையாது என்று நேற்றுத்தான் கூறினார். ஆதலின் விரைவிலேயே புறப்படுவோம் என்று நம்புகின்றேன்.